கர்ப்பிணியின் தூக்கமும் ரத்தச் சர்க்கரையும்: இரவைச் சரிசெய்துகொள்ளும் வழிகள்

கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போது எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். ஆனால் இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. என் தங்கை உண்டாகியிருந்தபோது ஒவ்வொரு மாதமும் அவளுடன் போய் வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: யாரும் கேட்காவிட்டாலும் அதற்கான பதிலை நாமே எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டில்லாமல் கிடைப்பதற்கான ஏற்பாடு இது. கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிட்டால் தொல்லையில்லை. முடியாதபோதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. தூக்கக் குறைவும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோஸைக் கையாளும் திறன் அவர்களுக்குத் தெளிவாகக் குறைந்திருந்தது. மாலையில் தணிய வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உயர்ந்தே இருந்தது. கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வுகளிலும், மிகக் குறைவாகத் தூங்குகிறவர்களிடமும் குறட்டை விடுகிறவர்களிடமும் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. தூக்கக் குறைவுதான் நோயைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது என்றாலும், உணவையும் நடையையும் கவனிக்கிற அதே அக்கறையோடு இரவையும் கவனிப்பதற்கு இந்தக் காரணம் போதும்.

முதல் வேலையாக, ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் படுத்த நேரம், விழித்த நேரங்கள், எதற்காக விழித்தீர்கள், எழுந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் அதே வரியில் குறியுங்கள். தங்கையின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "11.40 நெஞ்செரிச்சல். 2.10 சிறுநீர். 4.00 இடது கெண்டைக்கால் பிடிப்பு." மருத்துவரிடம் 'தூக்கமே இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

நெஞ்செரிச்சலுக்கு, இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ மெதுவாக நடப்பது எரிச்சலுக்கும் நல்லது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கும் நல்லது. சிறுநீருக்காக, குடிக்கிற தண்ணீரின் மொத்த அளவைக் குறைக்க வேண்டாம். பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்துவிடுங்கள். கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டிப் பாதத்தைத் தன் பக்கமாக மடக்கி இழுத்தால் விடும்.

படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோலத் தோன்றி, அசைத்தால்தான் அடங்குகிறது என்றால், அது வேறு விஷயம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது பலருக்கு வருகிறது. இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபினோடு, உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலுடன் விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடக் கூடாது. காபியும் டீயும் பகலோடு நிற்கட்டும். ஒரு நாளைக்கு உடலுக்குள் போகும் காஃபின் 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்.

குறட்டையைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் குறட்டையை 'அசந்து தூங்குகிறாள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கர்ப்பத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவதால் லேசான குறட்டை இயல்புதான். ஆனால் சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழித்து, பகலெல்லாம் கண் சொருகினால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். கர்ப்பகாலச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் இரண்டோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். மூச்சு அடைபடாமல் இருக்கக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியைக் கர்ப்பத்திலும் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

28-ஆம் வாரத்துக்குப் பிறகு தூங்கத் தொடங்கும்போது ஒருக்களித்தே படுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய சிரையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நடுவில் விழித்து மல்லாந்திருப்பதை உணர்ந்தால் பதற வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும்.

சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் முறை இங்கே நடைமுறையில் இருக்கிறது. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்தி வந்த இந்த முறையில் 140 மில்லிகிராமைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் செய்ய வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. நள்ளிரவில் வியர்த்து, படபடத்து விழித்தால் கெட்ட கனவு என்று விட்டுவிடாமல் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸை உடனே தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கர்ப்பிணி தனியாகச் செய்ய முடியாது. இரவில் மூன்று முறை விழித்தவள் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து எல்லோருக்கும் சமைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வீட்டில் எந்த யோசனையும் பலிக்காது. அடுப்படியை அந்த மாதங்களில் வேறொருவர் ஏற்கட்டும்.

சில தொல்லைகளுக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது: விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்துத் தூக்கத்தைக் கெடுத்தால், அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காமல் மறுநாளே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.