வன்னிப் பங்குகளில் பழைய வழிபாட்டிசையை மீட்டெடுப்பது எப்படி?

வன்னியில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் மக்கள் "பழைய முறைப் பூசை வேண்டும்" என்று கேட்கும்போது இரண்டு வெவ்வேறு செல்வங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று, உரோமை வழிபாட்டு முறை முழுமைக்கும் பொதுவான கிரகோரியன் இலத்தீன் இசை. மற்றது, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலப் பசாம், வியாகுலப் பிரசங்கம், மற்றும் மாதா பிரார்த்தனை என்று நம் பெரியவர்கள் இராகமிட்டுப் பாடிய தமிழ் இசை. இரண்டையும் சேர்த்தே மீட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திவிட்ட காலத்தில், 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு மடுக் காட்டுக்குள் புகுந்த குடும்பங்களுக்குப் பூசை வைக்க ஆளில்லை. மனப்பாடமாயிருந்த செபங்களே அவர்களின் கோவிலாக இருந்தன. அந்தத் தமிழ்க் குரலை விட்டுவிட்டு இலத்தீனை மட்டும் கொண்டுவந்தால் அது இந்த மண்ணில் வேர்கொள்ளாது.

முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். பேசும்போது ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 1962ஆம் ஆண்டு இலத்தீன் திருப்பலி நூலின்படி, அதாவது பழைய முறையிலேயே, பூசை ஒப்புக்கொடுப்பதற்கு, 16.07.2021 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணையின்படி, மறைமாவட்ட ஆயரின் அனுமதி தேவை. வவுனியா மாவட்டம் மன்னார் மறைமாவட்டத்துக்கும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கும் உட்பட்டவை. ஆனால் இன்று நாம் காணும் தமிழ்த் திருப்பலியிலேயே இலத்தீன் பாடல்களைப் பாடுவது புதிதாகக் கேட்டுப் பெறவேண்டிய சலுகை அன்று. திருவழிபாடு பற்றிய 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, தன் 54ஆம் எண்ணில் மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ அறிந்திருக்க வேண்டும் என்றும், 116ஆம் எண்ணில் கிரகோரியன் இசைக்கு முதலிடம் உண்டு என்றும் சொல்கிறது. இதை அமைதியாக எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் மறுப்பு எழாது.

அடுத்த வேலை அவசரமானது. பெரியவர்களின் குரலைப் பதிவு செய்ய வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் பாட்டுக் கொப்பிகளும் செபப் புத்தகங்களும் பதுங்குகுழிகளோடு போய்விட்டன. மிஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. ஓர் அம்மம்மாவிடம் பசாமின் வரிகளைச் சொல்லித் தரும்படி கேட்டுக்கொண்டு நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் அவருக்கு வரவில்லை. "பாடினாத்தான் மோனை வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இருபது நிமிடம் நிற்கவில்லை. ஆகவே முதலில் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை மேசையில் நேராக வைக்காமல் மடித்த துணியின்மேல் வையுங்கள், இடையில் சொல்லைத் திருத்தாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய குருவான யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் போன்றவற்றுக்கு அச்சுப் பிரதி உண்டு. சொற்களை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இராகத்தை மட்டும் உங்கள் ஊரில் கேட்டபடியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரார் வேறுவிதமாக இழுத்துப் பாடுவது பிழையும் அன்று, நீங்கள் பின்பற்ற வேண்டியதும் அன்று.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் தவக்காலம். அக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம் என்று திருப்பலி நூலின் பொது விதிமுறை 313ஆம் எண் கூறுகிறது. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விலக்கு. கீபோட்டில் பதிந்து வரும் தாளத்தை நிறுத்துங்கள் என்று சாதாரண காலத்தில் சொன்னால் இளைஞர்கள் மனம் நோவார்கள். தவக்காலத்தில் திருச்சபையே அதைச் சொல்கிறது. கீபோட் வாசிக்கும் பிள்ளையை ஒதுக்கிவிடாமல், தொடக்கச் சுரத்தைக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். சுருதி தாழ்ந்தே இருக்கட்டும். முன்வாங்கில் இருக்கும் முதியவர் சிரமமின்றித் தொடக்கூடிய உயரமே கோவிலுக்கும் உயரம்.

என் பிழையையும் சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் ஒரே ஞாயிறில் பூசையின் எல்லாப் பகுதிகளையும் இலத்தீனில் வைத்தேன். பாடகர் குழு பாடியது. மக்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் குழுவிலும் பாதிப்பேர் வரவில்லை. இப்போது ஒரு காலத்துக்கு ஒரு பகுதி என்றே செல்கிறேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் ஆயர்களுக்கு அனுப்பிய 'யுபிலாத்தே தேயோ' என்ற சிறு தொகுப்பு எளிய பாடல்களையே கொண்டது. கிரகோரியன் பூசை இசைத்தொகுதிகளுக்கு எண்கள் உண்டு; அதிலுள்ள 16ஆம் எண் பூசையின் 'கீரியே'யை (ஆண்டவரே இரக்கமாயிரும்)த் தவக்காலம் முழுவதும் பாடுங்கள். பிறகு 18ஆம் எண் பூசையின் 'சாங்க்துஸ்' (தூயவர்), அதன்பின் 'ஆஞ்ஞுஸ் தேயி' (இறைவனின் செம்மறி). இதற்கே ஓராண்டு ஆகலாம், ஆகட்டும்.

இலத்தீனைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. நம் எழுத்தில் த, ட, க, ப ஆகியவற்றுக்கு வல்லொலியும் மெல்லிய ஒலியும் ஒன்றாகவே எழுதப்படுவதால், 'பெனெதிக்துஸ்' என்பதைப் பார்த்து வாசிப்பவர் வேறு ஒலியில் சொல்லிவிடுவார். சொல்லிக் கொடுப்பவர் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவதே சரியான வழி. பொருளையும் அதே தாளில் தமிழில் எழுதுங்கள். பொருள் தெரியாத பாடல் செபமாகாது.

மிகுந்த பலன் தரும் வேலை, முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைத் திருப்பாடலைத் தமிழிலேயே ஓதுவதாகும். சினிமா மெட்டில் திருப்பாடலைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல். கிரகோரியன் ஓதுமுறையில் ஒரே சுரத்தில் நின்று சொற்களைப் பேச்சின் ஓட்டத்தில் சொல்லி, அடியின் நடுவிலும் முடிவிலும் மட்டும் குரல் சற்று அசையும். 23ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்வோம்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." முற்பாதியில் 'என்' வரை ஒரே சுரத்தில் வந்து, 'ஆ'வில் ஒரு படி ஏறி, 'யர்' என்பதில் இறங்குங்கள், 'ஆ' நெடில் ஆதலால் ஏற்றத்தைத் தாங்கும். பிற்பாதியில் 'குறை' வரை அசையாமல் வந்து, 'யில்' என்ற இடத்தில் தாழ்ந்து, 'லை'யில் தங்குங்கள். 'கு'வில் குரலை நீட்டினால் 'கூறையில்லை' என்று ஆகிவிடும். ஆயரைப் பற்றிய வாக்கு கல்யாணச் சேலையைப் பற்றியதாக மாறிவிடும். குறிலில் நிற்காதே, நெடிலிலும் மெய்யில் முடியும் அசையிலும் நில் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால், எந்தத் திருப்பாடலையும் ஒரு மணி நேரத்தில் பிரித்து, அசையும் இடங்களின்கீழ்க் கோடிட்டுக் கொடுத்துவிடலாம்.

பசாமும் வியாகுலப் பிரசங்கமும் பக்தி முயற்சிகள் என்பதால் அவற்றைத் திருப்பலிக்குள் நுழைக்க வேண்டாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்தபின் வையுங்கள். பெரிய வியாழனன்று நற்கருணையை இடமாற்றும் பவனியில் 'பாஞ்சே லிங்குவா' என்ற இலத்தீன் நற்கருணைப் பாடலைப் பாடலாம். அதன் கடைசி இரு சரணங்களின் தமிழ் வடிவமான 'மாண்புயர்' எல்லாருக்கும் தெரிந்ததே என்பதால், முன்னையவற்றை இலத்தீனில் குழு பாட, முடிவில் மக்கள் தமிழில் சேர்ந்துகொள்வார்கள்.

வெள்ளிக்கிழமைப் பசாமுக்கு ஒலிவாங்கி வேண்டாம். பதிவுக்குக் குரல் தந்த பெரியவர்களை முன்னால் இருத்தி, அவர்களுக்கு நேர் பின்னால் பிள்ளைகளை இருத்துங்கள்; பெரியவர்கள் எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்பது அங்கிருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கேட்கும்.