பழுப்புக் கொழுப்புக்காக ஐஸ் வாளிக்குள் இறங்க வேண்டாம்

தொப்பையில் சேர்வது வெள்ளைக் கொழுப்பு. காறை எலும்புக்கு மேலேயும் முதுகெலும்பை ஒட்டியும் கொஞ்சமே கொஞ்சம் இருப்பது பழுப்புக் கொழுப்பு. குளிர் பட்டால் இது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் இழுத்து எரித்து உடலுக்குச் சூடு தரும். 2021இல் அமெரிக்காவில் 52,000 பேருக்கு மேல் எடுத்த பெட் ஸ்கேன்களை (உடலில் சர்க்கரை எங்கே எரிகிறது என்று காட்டும் படங்களை) அலசியதில், இந்தக் கொழுப்பு தென்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதயக் குழாய் அடைப்பும் குறைவாக இருந்தன.

நல்ல செய்திதான். ஆனால் அது தொடர்பைக் காட்டிய ஆய்வு. பழுப்புக் கொழுப்பை வளர்த்தால் மாரடைப்பு வராது என்று அது நிரூபிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, சென்னை வெயிலில் இருப்பவர்கள் ஐஸ் குளியலுக்கு இறங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கையை மட்டும் ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தாலே ரத்த அழுத்தம் ஏறும். ஆய்வகங்களில் இதை ஒரு சோதனையாகவே செய்கிறார்கள். முழு உடம்பும் இறங்கினால் தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, இதயம் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். பிரஷர் இருப்பவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது விளையாட்டல்ல.

சரி, ஏசியைக் குறைத்து வைத்துத் தூங்கலாமா? 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்து இளைஞர்கள் ஒரு மாதம் 19 டிகிரியில் தூங்கினார்கள். பழுப்புக் கொழுப்பு கூடியது. அப்புறம் அறையை 24 டிகிரிக்கு மாற்றியதும் குறைந்தது. 27இல் கிட்டத்தட்டப் போயே போனது. மே மாத இரவில் நம் அறை தானாகவே 27ஐத் தாண்டிவிடும். வருடம் முழுக்க ஏசியை 19இல் ஓட்டுவது யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்னொரு தவறு, ஆர்வத்துக்காக பெட் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அது. உடல் வெதுவெதுப்பாக இருந்தால் பழுப்புக் கொழுப்பு வேலை செய்யாது, படத்திலும் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

மாத்திரையும் வேண்டாம். சிறுநீர்ப் பைக்குத் தரும் மிராபெக்ரான் பழுப்புக் கொழுப்பைத் தூண்டும், உண்மைதான். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே ஏற்றக்கூடியது அது.

தெற்காசிய இளைஞர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு ‘நம்ம உடம்பு வாகு அப்படி’ என்று விட்டுவிடாதீர்கள். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள், அவற்றுக்கு டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெயில் ஏறுமுன் நடங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, இயல்பாக மூச்சு விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அல்ல.