வீட்டில் பெரியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து வேதம் (பைபிள்) படிக்க

முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். சட்டதிட்டங்கள் நிறைந்த மூன்றாவது புத்தகமான லேவியராகமம் வருவதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். யோனா புத்தகத்தை எடுங்கள்; நினிவே நகரத்துக்குப் போகச் சொன்ன கர்த்தரிடமிருந்து கப்பலேறி ஓடிய தீர்க்கதரிசியின் கதை அது. 4 அதிகாரம், 48 வசனம்; வாரம் ஒரு அதிகாரம் வைத்தால் ஒரு மாதத்தில் முடியும்.

ஆளுக்குச் சில வசனங்களாகச் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் பிள்ளைகள்தான் முதலில் பேச வேண்டும். அப்பாவோ தாத்தாவோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது பிரசங்கமாகிவிடும், பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பெரியவர்கள் கடைசியில் பேசினால் போதும்.

“இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்பது பரீட்சைக் கேள்வி. அதைவிட “புயலில் எல்லாரும் அலறும்போது யோனா எப்படித் தூங்கினான்?” என்று கேட்டுப் பாருங்கள். யோனாவை விழுங்கிய மீனைப் பற்றிய விவாதத்தில் ரொம்ப நேரம் போக விடாதீர்கள். 4ஆம் அதிகாரம்தான் சுவாரசியம். நினிவே அழிவிலிருந்து தப்பித்ததற்கு யோனா கோபப்படுகிறான், தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்ததற்கும் கோபப்படுகிறான். இந்தக் கோபம் பதினைந்து வயதுக்கு நன்றாகவே புரியும். புத்தகமும் கர்த்தர் கேட்கும் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொல்லியிருப்பான் என்று ஆளாளுக்குச் சொல்லட்டும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அடுத்த மாதத்துக்கு ரூத் புத்தகம் இருக்கிறது, அதுவும் 4 அதிகாரம்தான்.