கூறை எடுக்கப் போகும் பயணத்தில் கண்ணோரத்துக்கு ஒரு ஊசி

ஊரில் கலியாணம் என்று டிக்கெட் எடுத்த கையோடு கனடாவில் இருக்கும் நம்மவர்கள் எழுதும் பட்டியலில் இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சென்னையில் இறங்கித் தி. நகரில் கூறை எடுப்பது, நகைக்கடை, பல் வைத்தியர், அப்படியே கண்ணோரச் சுருக்கத்துக்கு, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஒரு போடோக்ஸ் ஊசி, பிறகு யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம். கேட்டால், டொரொன்டோவைவிட மலிவு, பத்து நிமிட வேலை என்பார்கள். பத்து நிமிடம் ஊசிக்குச் சரி. மருந்து இரண்டு மூன்று நாளில் மெல்லத் தொடங்கி, முழுப் பலனையும் காட்ட இரண்டு வாரம் எடுக்கும். மூன்று வார விடுமுறையில் வருகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

என் மச்சாள் ஒருத்தி பார்க்கவில்லை. கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது போய், கண்ணோரத்தோடு புருவ நடுவுக்கும் சேர்த்து 'சலுகை விலையில்' போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் காலை வலது இமை இறங்கிவிட்டது. மருந்து இமையைத் தூக்கும் தசைவரை பரவினால் இப்படி நடக்கும். பலருக்கு நடப்பதில்லை, ஆனால் நல்ல கை போட்டாலும் சிலருக்கு நடக்கும். மணவறைக்கு அருகே நின்ற படங்கள் எல்லாவற்றிலும் அரைத் தூக்கத்தில் இருப்பவள் போலத் தெரிகிறாள். கனடா திரும்பியபின் ஊசி போட்ட இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. இங்கே கண் வைத்தியர் கொடுத்த துளிமருந்து இமையைச் சற்றே உயர்த்தியது. மீதி தானாகச் சரியாகப் பல வாரங்கள் ஆயின.

ஆகவே என் ஆலோசனை இது. கலியாணப் படத்துக்காகத்தான் என்றால், வாழும் நாட்டிலேயே, பயணத்துக்கு ஒரு மாதம் முன் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில்தான் என்று முடிவு செய்துவிட்டால், இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் போட்டு, பதினான்காம் நாள் அதே வைத்தியரிடம் மறுபடி காட்டும்படி நாள் குறியுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் கலியாணம் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். வாழ்நாளில் முதல் ஊசியை விடுமுறையில் போட்டுக்கொள்வது எனக்கு அறவே பிடிக்காது.

அதற்கும் முன், கண்ணாடி முன் நின்று சிரித்துப் பாருங்கள். சிரிக்கும்போது மட்டும் விழும் கோடுகளுக்கே இந்த ஊசி நன்றாக வேலை செய்யும். நரம்பு தசையைச் சுருங்கச் சொல்வது அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால். அது வெளிவராமல் இந்த மருந்து தடுக்கிறது, அவ்வளவுதான். முகம் சும்மா இருக்கும்போதும் தெரியும் ஆழமான கோட்டை ஓரளவு மென்மையாக்கலாம். கண்ணுக்குக் கீழே உள்ள பைக்கும் கருவளையத்துக்கும் இது மருந்தே அல்ல. அதற்குத் தோலுக்கு அடியில் நிரப்பும் 'ஃபில்லர்' போடலாம் என்று அங்கேயே சொல்வார்கள். அது வேறு பொருள். இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், அரிதாகவேனும், பார்வையே பறிபோகும். பயணத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இந்த ஊசிக்கும் கனடாவுக்கும் உறவு உண்டு. மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் 1989 இல் அமெரிக்கா அனுமதித்த மருந்து இது. இமை இழுப்புக்குப் போட்டவர்களின் புருவ நடுச் சுருக்கமும் மறைவதைக் கவனித்து அழகுச் சிகிச்சையாக்கியவர்கள் வன்கூவரின் கண் வைத்தியர் ஜீன் கரதர்சும் அவருடைய கணவரான தோல் வைத்தியர் அலஸ்டெயரும். கண்ணோரச் சுருக்கத்துக்கு அமெரிக்க அனுமதி வந்தது 2013 இல்தான்.

யாரிடம் போவது? அழகு நிலையத்துக்கு வேண்டாம், மணப்பெண் அலங்காரம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும். தோல் வைத்தியர் அல்லது இமைச் சீரமைப்புத் தெரிந்த கண் வைத்தியர் வேண்டும். இலங்கையில் இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டிலும், இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் அவர் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். மருந்துக் குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. போடோக்ஸ் குப்பி வெறுமையாக இருப்பது போலத்தான் தோன்றும். அடியில் காய்ந்த படலமாக மருந்து ஒட்டியிருக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் உப்புநீரைக் குப்பியே இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய பொருள் என்பதால், மின்வெட்டு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து குப்பி கொண்டுவரச் சொல்லும் இடமென்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

விலையை யூனிட் (மருந்தை அளக்கும் அலகு) கணக்கில் கேளுங்கள். போடோக்ஸ் என்றால் கண்ணோரத்துக்கு வழக்கமான அளவு பக்கத்துக்கு 12, மொத்தம் 24 யூனிட். வேறு நிறுவனத்தின் மருந்தில் யூனிட் என்பது வேறு அளவு. இரண்டையும் ஒப்பிட முடியாது. மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட யூனிட் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பலன் மூன்று நான்கு மாதத்தில் தேயும்போது இங்குள்ள வைத்தியருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் போடக் கூடாது. கண் வறட்சி இருந்தாலும், லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்திருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். இமைக்கும் பலம் குறைந்த கண்ணோடு ஊர்ப் புழுதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவது சுகமாக இராது.

போட்ட அன்று நாலு மணி நேரம் படுக்க வேண்டாம், கண்ணோரத்தைத் தேய்க்க வேண்டாம் என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் அதன் பொருள்: எண்ணெய் முழுக்கு இல்லை, முக மசாஜ் இல்லை, நல்லூரில் அங்கப்பிரதட்சணமும் இல்லை. முருகனை நின்றபடி கும்பிடலாம்.

பயணக் காப்புறுதிகள் பெரும்பாலும் அழகுச் சிகிச்சையின் பின்விளைவுக்குப் பணம் தருவதில்லை. பத்திரத்தை வாசித்துவிட்டுப் போங்கள். ஊசிக்குப் பின், சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ, விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், ஊசி போட்ட இடத்தை அழைத்துக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு இலங்கையில் 1990, தமிழ்நாட்டில் 108.