விக்டோரிய கால இலக்கியப் பாடத்தில் மதிப்பெண் எப்படி இடப்படுகிறது: இங்கிலாந்தில் ஆங்கிலம் படிக்கச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரும் மாணவர், விக்டோரிய கால இலக்கியப் பாடத்தில் தாம் எழுதிய முதல் கட்டுரைக்கு 62 மதிப்பெண் வந்திருப்பதைக் கண்டு மனம் தளர்ந்துபோவது வழக்கம். அவர் தளர வேண்டியதில்லை. அந்த எண் அங்கே எதைக் குறிக்கிறது என்பதை அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இளநிலைப் படிப்பில் 40 பெற்றால் தேர்ச்சி. 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு, 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, 60 முதல் 69 வரை அதன் மேற்பிரிவு, 70-ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு. முதுநிலைப் படிப்பில் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். இலக்கியக் கட்டுரைகளில் 80-ஐத் தாண்டும் மதிப்பெண் அரிது. ஆகவே 62 என்பது நல்ல கட்டுரைக்கு உரிய மதிப்பெண்ணே. அதை 72 ஆக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இனி சிந்திக்க வேண்டிய கேள்வி.

பாடம் தொடங்கும் வாரத்திலேயே அந்தப் பாடத்துக்கான கையேட்டை எடுத்து, மதிப்பீடு பற்றிய பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பது அதில் இருக்கும். ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ பத்து மணி நேர உழைப்பு என்ற கணக்கில், 20 கிரெடிட் பாடம் 200 மணி நேரம் கேட்கிறது. அதில் வகுப்பறையில் கழிவது சிறு பங்குதான், மீதி முழுவதும் நீங்கள் தனியே அமர்ந்து படிக்கவும் எழுதவும் வேண்டிய நேரம். எண்ணூறு, தொள்ளாயிரம் பக்க நாவல்கள் இடம்பெறும் பாடத்தில் இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுவைக்காதவர் பருவத்தின் நடுவில் திணறுவார். அடுத்து, எந்தக் கட்டுரை பயிற்சிக்கானது, எது இறுதி மதிப்பெண்ணில் சேருவது என்பதைப் பிரித்துப் பாருங்கள். பயிற்சிக் கட்டுரைக்கு மதிப்பெண் கணக்கில்லை என்று அதை அரைகுறையாக எழுதிக் கொடுப்பது பெரிய இழப்பு, ஏனெனில் இழப்பே இல்லாமல் உங்கள் எழுத்தின் குறைகளை ஆசிரியர் வாயிலாக அறியும் ஒரே வாய்ப்பு அதுதான்.

சேரும் கட்டுரைகளுக்குள்ளும் விகிதம் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு பத்தியை நுணுகி வாசித்து எழுதும் சிறு கட்டுரைக்கு 40 விழுக்காடும் பருவ இறுதியில் தரும் நீண்ட கட்டுரைக்கு 60 விழுக்காடும் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 58-ம் இரண்டாவதில் 66-ம் பெற்றவருக்கு, 58-இன் 40 விழுக்காடு 23.2, 66-இன் 60 விழுக்காடு 39.6, ஆக மொத்தம் 62.8 கிடைக்கும். முதற்கட்டுரையில் சறுக்கியவர் இரண்டாவதில் எழுந்து நிற்க முடியும் என்பதையும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையும் இந்த எளிய கணக்கே சொல்லிவிடுகிறது. செமினாரில், அதாவது சிறு குழுவாக அமர்ந்து விவாதிக்கும் வகுப்பில், பேசுவதற்குச் சில இடங்களில் சிறிதளவு மதிப்பெண் உண்டு, பல இடங்களில் இல்லை; இல்லாவிட்டாலும் பேசுங்கள், ஏனென்றால் கட்டுரைக்கான கருத்து பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். கட்டுரையைத் திருத்துபவர் கையில் ஒரு மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறது. பெரும்பாலும் அது உங்களுக்கும் தரப்பட்டிருக்கும். வாதம், நூலைப் பற்றிய அறிவு, மொழியையும் வடிவத்தையும் பகுத்துப் பார்க்கும் திறன், காலச் சூழல் பற்றிய புரிதல், பிற திறனாய்வாளர்களின் கருத்துகளைக் கையாளும் முறை, கட்டமைப்பும் நடையும், மேற்கோள் குறிப்புகளின் ஒழுங்கு ஆகியவை அதில் இடம்பெறும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டுவதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். இலக்கியத் துறைகளில் வழக்கமாகக் கட்டுரையை முழுமையாகப் படித்து, அது எந்த வகுப்பில் நிற்கிறது என்பதை முடிவுசெய்து, பிறகு அந்த வகுப்புக்குள் எண்ணை நிர்ணயிக்கிறார்கள். அந்த முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது வாதமே. உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, தெரிந்ததைக் கொண்டு நூலைப் பற்றி என்ன நிறுவுகிறீர்கள் என்பதற்கே மதிப்பெண்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை அவருடைய வார இதழில் தொடராக வந்த நாவல். அதில் வரும் குற்றவுணர்வைப் பற்றி எழுதச் சொன்னால், 50-களில் நிற்கும் கட்டுரை நாவலின் நாயகனான பிப் சிறுவனாகத் தப்பியோடிய கைதிக்கு உணவு கொடுத்ததில் தொடங்கி, லண்டன் போனது, தன்னை வளர்த்த ஜோவை மதிக்காமல் நடந்தது, பின்னர் வருந்தியது என்று கதையை வரிசையாகச் சொல்லி, இடையிடையே குற்றவுணர்வு என்ற சொல்லைப் போட்டுச் செல்லும். அதில் தவறு எதுவும் இராது. ஆனால் நாவலைப் படித்த எவருக்கும் தெரிந்ததே அதில் இருக்கும். 60-களில் நிற்கும் கட்டுரை, கனவானாக உயரும் ஆசையே பிப்பின் குற்றவுணர்வைப் பெருக்குகிறது என்ற ஒரு கருத்தை முன்வைத்து, அதற்குப் பொருத்தமான இடங்களைத் தேர்ந்து மேற்கோள் காட்டி நிறுவும். முதல் வகுப்புக் கட்டுரையோ, கதையைச் சொல்பவர் வயது முதிர்ந்த பிப் என்பதைக் கவனிக்கும். சிறுவன் பிப் உணர்ந்ததற்கும் முதியவர் அதைச் சொல்லும் சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் குற்றவுணர்வு உருவாகிறது என்று வாக்கிய அமைப்பிலிருந்தே காட்டும். அதோடு, நண்பரும் நாவலாசிரியருமான புல்வர்-லிட்டனின் யோசனையை ஏற்று டிக்கன்ஸ் நாவலின் முடிவையே மாற்றி எழுதினார் என்ற செய்தியைத் தகவலாகச் சொல்லிக் கடந்துவிடாமல், அச்சில் வந்த முடிவின் கடைசி வாக்கியம் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் சேர்ந்தார்களா என்பதை ஏன் தெளிவாகச் சொல்ல மறுக்கிறது என்று கேட்கும். அந்தக் கேள்வி வாதத்தோடு பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் மதிப்பெண் 70-ஐத் தொடுகிறது.

கவிதையிலும் இதுவே நடக்கிறது. டென்னிசன் தம் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833-இல் இறந்த துயரத்தைப் பல ஆண்டுகள் எழுதி, 1850-இல் ‘இன் மெமோரியம்’ என்ற பெயரில் வெளியிட்டார். அதன் நான்கடிப் பாக்களில் முதலடியும் நான்காமடியும் இயைந்து நிற்க, இரண்டாமடியும் மூன்றாமடியும் தமக்குள் இயைகின்றன. துயரம் சற்று விலகிச் சென்று, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவதைக் காது கேட்கும்படி அந்த அமைப்பு செய்கிறது. யாப்பைச் செவியால் உணர்ந்து பழகிய தமிழ் மாணவருக்கு இது எளிதில் பிடிபட வேண்டிய ஒன்று. ஆயினும், கவிதையைப் பற்றிய கட்டுரையில் இயைபைப் பற்றியும் சீர்களைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதாமல், ஐயமும் நம்பிக்கையும் என்று கருத்தை மட்டும் பேசிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

காலச் சூழலைக் கொண்டுவருவதில் இன்னும் கவனம் தேவை. ‘விக்டோரிய சமூகம் பெண்களை ஒடுக்கியது’ என்ற வாக்கியத்துக்கு எந்த மதிப்பெண்ணும் கிடைக்காது, ஏனென்றால் அதை எந்த நாவலைப் பற்றிய கட்டுரையிலும் ஒட்டிவிடலாம். அதற்குப் பதிலாக, 1847-இல் வெளிவந்த ‘ஜேன் அய்ர்’ நாவலில் ஜேனுக்குச் சிற்றப்பாவின் சொத்தாக 20,000 பவுண்ட் வருவதையும், அதை அவள் நான்கு பங்காக்கித் தனக்கு 5,000 மட்டும் வைத்துக்கொள்வதையும், அதற்குப் பிறகே தான் காதலித்த ராச்செஸ்டரிடம் திரும்புவதையும் எடுத்துக்கொண்டு, திருமணமானதும் மனைவியின் பணம் பொதுச் சட்டப்படி கணவன் கைக்குப் போய்விடும் காலத்தில் அந்தப் பணம் நாவலில் என்ன பொருள் தருகிறது என்று கேளுங்கள். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870-இலும் 1882-இலும்தான் வந்தன. அவற்றை வைத்து 1847-இன் நாவலை விளக்கும் பிழையைத் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதேபோல், பைத்தியமான தன் முதல் மனைவியை ராச்செஸ்டர் ஏன் மணவிலக்குச் செய்யவில்லை என்று வியப்பதற்கு முன், மனநோய் இங்கிலாந்தில் மணவிலக்குக்கு ஒரு காரணமாக ஏற்கப்பட்டது 1937-இல்தான் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆண்டுகளைச் சரிபார்க்கும் பழக்கம் ஒரு வகுப்பளவு உயர்வையே தரக்கூடியது.

காலனியத்தைப் பற்றி எழுத விரும்பும் நம் மாணவர்களுக்கு ஒரு சொல். வில்கி காலின்ஸ் 1868-இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ 1799-இன் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் ஓர் ஆங்கில அதிகாரி வைரத்தைக் கவர்வதோடு தொடங்குகிறது. திப்புவின் வரலாறு நமக்குத் தெரியும் என்பதாலேயே அதை இரண்டு பக்கம் எழுதிவிடும் ஆசை வரும். அந்தப் பக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை. அந்த நாவலைப் பலர் மாறிமாறிச் சொல்கிறார்கள், ஆனால் வைரத்தைத் தேடிவரும் மூன்று இந்தியருக்கும் கதைசொல்லும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள். நீங்கள் கொண்டுவரும் வரலாற்றறிவு அப்போதுதான் நூலுக்குள் வேலை செய்யும்.

திறனாய்வாளர்களின் கருத்தை மேற்கோள் காட்டும்போது, அவர் சொன்னதால் சரி என்று தலையசைத்துவிட்டு நகராமல், எதில் உடன்படுகிறீர்கள், எந்த இடத்தில் விலகுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். நூலின் பதிப்பையும் பார்த்து வாங்குங்கள். குறிப்புகளுடன் கூடிய கல்விப் பதிப்புகளில், தொடராக வந்தபோது ஒவ்வொரு பகுதியும் எங்கே முடிந்தது என்பது பெரும்பாலும் காட்டப்பட்டிருக்கும். ஒரு வாரம் காத்திருந்த வாசகர் எந்த வரியில் நிறுத்தப்பட்டார் என்பது அருமையான வாதத்துக்கு வித்தாகலாம். மேற்கோள் குறிப்புக்குத் துறை கேட்கும் முறையையே பின்பற்றுங்கள். சொல் எண்ணிக்கை வரம்பு, தாமதத்துக்கான மதிப்பெண் குறைப்பு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான விதி ஆகியவை இடத்துக்கு இடம் மாறுவதால் கையேட்டில் உள்ளதே இறுதி. பிறர் எழுத்தை எடுத்தாண்டு பெயர் சொல்லாமல் விடுவது, நம் நாட்டில் குறிப்பெடுத்துப் படித்த பழக்கத்தால் அறியாமல் நேர்ந்திருந்தாலும், அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

கட்டுரை கொடுத்த பிறகு நடப்பதையும் அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் உங்கள் பெயர் இல்லாமல் மாணவர் எண்ணை மட்டும் கொண்டே கட்டுரை திருத்தப்படுகிறது. கட்டுரைகளில் ஒரு பகுதியை இன்னோர் ஆசிரியர் படித்து மதிப்பெண் சீராக இருக்கிறதா என்று பார்க்கிறார். வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெளித் தேர்வாளரும் மாதிரிகளைப் பார்வையிடுகிறார். தேர்வு வாரியம் கூடி உறுதிசெய்யும் வரை உங்கள் மதிப்பெண் தற்காலிகமானதே. ‘எனக்கு இன்னும் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும்’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது, ஏனென்றால் ஆசிரியரின் கல்விசார் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உட்பட்டதன்று. நடைமுறைத் தவறு நேர்ந்திருந்தால்தான் முறையிட இடமுண்டு. நோயோ வீட்டில் துக்கமோ நேர்ந்தால், உரிய படிவத்தையும் சான்றையும் காலக்கெடுவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் வந்தபின் சொல்லலாம் என்று கூச்சத்தால் தள்ளிப்போடும் மாணவர்களே இதில் மிகவும் பாதிக்கப்படுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

பின்னூட்டம் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், இரண்டு நாள் கழித்து மறுபடியும் படியுங்கள். ‘வாதம் இன்னும் கூர்மையாக இருக்கலாம்’ என்பது போன்ற குறிப்பு எந்தப் பத்தியைச் சுட்டுகிறது என்று தேடுங்கள். பிறகு ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் கட்டுரையின் அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துச் சென்று, நீங்களே திருத்தி எழுதிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, இது இப்போது எந்த வகுப்பில் நிற்கும் என்று கேளுங்கள்.