மரம் சாய்க்க வாய் வெட்டும்போது நடக்கும் தவறுகள்

மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேப்பமரம் ஒன்றைச் சாய்த்தார்கள். வரப்பு ஓரமாக விழவேண்டிய மரம், திரும்பி மோட்டார் ரூம் மேல் விழுந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "காத்து தள்ளிருச்சு" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம் நாலு விரல் கனத்துக்கு மரம் நார் நாராகப் பிய்ந்து நின்றது. மேற்குப் பக்கம் மிஷின் வழவழவென்று கடைசிவரை அறுத்திருந்தது. மோட்டார் ரூம் இருந்தது கிழக்கே.

மரம் விழவேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுக்கிறோம், அதுதான் வாய். அப்புறம் பின்பக்கமிருந்து அறுத்து வருகிறோம், அது பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே அறுக்காமல் விடும் மரப்பகுதிதான் கீல். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான். மரம் தரையைத் தொடும்வரை அதைப் பிடித்துத் திருப்புவது அது ஒன்றுதான். ஒரு பக்கம் கனமாக விட்டு மறுபக்கம் அறுத்துவிட்டால், கனமான பக்கம் மரத்தை இழுத்துக்கொள்ளும். வேம்புக்கு நடந்தது அதுதான், காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கீலின் கனம் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். ஐந்தடிச் சுற்றளவுள்ள மரத்துக்குக் குறுக்களவு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். கீல் 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல். "இன்னும் கொஞ்சம் அறுத்தா விழுந்துரும்" என்று முழுதாக அறுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. விழவில்லை என்றால் பின்வெட்டில் ஆப்பை அடித்துத் தள்ளுங்கள், கீலைத் தொடாதீர்கள்.

வாயை ஆழமாக வெட்டினால் நல்லது என்ற நினைப்பும் தவறு. குறுக்களவில் கால் பங்கு போதும். மேற்சொன்ன மரத்துக்கு அரைச் சாண். ஆழத்தைவிட வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். 45 டிகிரியில் குறுகலாக வெட்டினால், மரம் பாதி சாயும்போதே வாய் மூடி கீல் முறிந்துவிடும். மீதித் தூரம் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். 70 டிகிரிக்கு மேல் திறந்தால் கிட்டத்தட்ட தரைவரை கீல் பிடித்திருக்கும்.

வாயின் மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று தாண்டிப் போய்விட்டால் கீலுக்குள் ஒரு கீறல் விழும். அது கீலை அங்கேயே பலவீனமாக்கிவிடும். அகலத் திறந்த வாய்க்குப் பின்வெட்டு வாயின் மூலை மட்டத்தில் வரலாம், குறுகிய வாய்க்கு ஓரிரு அங்குலம் மேலே. மூலைக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். சாய்வாகவும் அறுக்க வேண்டாம்.

விழும் பக்கமே நன்றாகச் சாய்ந்து நிற்கும் தைலமரம் போன்றவற்றைப் பின்னாலிருந்து மெதுவாக அறுத்து வந்தால், தண்டு நெடுகப் பிளந்து, பிளந்த பாதி பின்பக்கமாக எகிறும். ஆளைக் கொன்றுவிடும். கீலுக்குப் பின்னால் மிஷினைக் குத்தி நடுவை அறுத்து, பின்புறம் அறுக்காமல் விட்ட மரப்பகுதியைக் கடைசியில் வெட்ட வேண்டும். பிளேடு நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் ஆள்மேல் திருப்பி அடிக்கும். பழகாதவர் இதில் இறங்கக் கூடாது.

இன்னொன்று: வாய் வெட்டும் முன்பே தப்பி விலகப் பின்பக்கம் சாய்வாக இரண்டு வழி ஒதுக்குங்கள். கருவேல முள்ளையும் சொட்டுநீர்க் குழாயையும் அப்போதே அகற்றுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும்.