வைரஸ் பற்றிய ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது

"புதிய வேரியன்ட் தடுப்பூசிக்கு அடங்கவில்லை", "48 மணி நேரத்தில் வைரஸை ஒழித்த மருந்து" என்றெல்லாம் தலைப்புகள் வரும்போது, நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஆய்வுக் கட்டுரையையே திறந்து பாருங்கள். வைராலஜி படித்திருக்க வேண்டும் என்றில்லை, எந்த இடத்தில் பார்ப்பது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் மியூட்டேஷன், அதாவது வைரஸின் மரபணுவில் வரும் மாற்றம். இப்படிச் சில மாற்றங்கள் சேர்ந்த வைரஸ் வகையைத்தான் வேரியன்ட் என்கிறார்கள். ஈ484கே என்று எழுதியிருந்தால், கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஸ்பைக் புரதத்தின் 484வது இடத்தில் குளூட்டமிக் அமிலம் (ஈ) என்ற அமினோ அமிலம் போய் லைசின் (கே) வந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து பழையது, பின்னால் இருப்பது புதியது, அவ்வளவுதான். மியூட்டேஷன் இருக்கிறது என்பதே பயப்பட வேண்டிய செய்தி அல்ல. கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் பெருகும்போது பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றால் வைரஸுக்கு ஒரு லாபமும் இல்லை. ஆகவே இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் புரதம்) வந்து ஒட்டும் இடத்திலா அந்த மாற்றம்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிளைகளில் அதே மாற்றம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறதா? ஈ484கே பீட்டா, காமா என்ற இரண்டு கொரோனா வேரியன்ட்களிலும் தனித்தனியாக வந்தது, அதனால்தான் ஆய்வாளர்கள் அதைக் கவலையோடு பார்த்தார்கள். ஒரே ஊரில் ஒரு வேரியன்ட் திடீரென்று பெருகினால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

அப்புறம் நோயெதிர்ப்பிலிருந்து தப்பிக்கும் கதை. "ஆன்டிபாடியின் திறன் 8 மடங்கு குறைந்தது" என்று போட்டிருந்தால், எதிலிருந்து 8 மடங்கு என்று பாருங்கள். ஆன்டிபாடி அளவு 2000இலிருந்து குறைந்தால் 250 மிச்சம் இருக்கும், 80இலிருந்து குறைந்தால் வெறும் 10. யாருடைய ரத்தம், தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆனபின் எடுத்தது, சோதித்தது உண்மையான வைரஸா அல்லது ஸ்பைக்கை மட்டும் சுமக்கும் போலி வைரஸா என்பதும் கட்டுரையிலேயே இருக்கும். இந்தச் சோதனை டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை அளப்பதே இல்லை. அவை வைரஸ் புரதங்களின் பல துண்டுகளை அடையாளம் காண்பவை, அதனால் சில மாற்றங்களால் அவற்றை முழுதாக ஏமாற்ற முடியாது. ஸ்பைக்கில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு 2021 நவம்பரில் ஒமிக்ரான் வேரியன்ட் வந்தபோது தடுப்பூசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது, ஆனால் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு பெருமளவு நின்றது.

மருந்துச் செய்திதான் எல்லாவற்றையும்விட ஏமாற்றும், இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் வைரஸைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது, அந்த அளவு மனித ரத்தத்தில் சேருமா, செல்லையே கொல்லும் அளவு அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக்கான மருந்து ஆய்வகச் செல்களில் 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸை ஏறக்குறைய ஒழித்தது என்று வந்தது உண்மைதான், ஆனால் அது 5 மைக்ரோமோலார் அடர்த்தியில். வழக்கமான மாத்திரை அளவில் ரத்தத்தில் சேர்வதைப் போல அது பல பத்து மடங்கு.

எந்த செல்லில் செய்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மலேரியா மருந்தான குளோரோகுயின் வீரோ செல்லில் கொரோனா வைரஸைத் தடுத்தது. வீரோ என்பது குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வரிசை, நம் நுரையீரல் செல்களில் வைரஸ் நுழைய உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற என்சைம் அதில் போதுமான அளவு கிடையாது, எனவே அங்கே வைரஸ் வேறு வழியாக நுழைகிறது, குளோரோகுயின் அடைத்தது அந்த வழியைத்தான். மனித நுரையீரல் செல்வரிசையில் சோதித்தபோது மருந்து வேலை செய்யவில்லை. மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையிலும் அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் உயிர் காக்கவில்லை என்று 2020 ஜூனில் தெரிந்துவிட்டது.

"மருந்துக்கு அடங்காத வைரஸ்" என்று வந்தால், மருந்து வைரஸின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஸ்பைக்கைக் குறிவைத்த மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் (ஆய்வகத்தில் தயாரித்து மருந்தாகத் தரும் ஆன்டிபாடிகள்) பல ஒமிக்ரானிடம் பயனற்றுப் போயின. வைரஸின் மரபணுவை நகலெடுக்கும் பாலிமரேஸைத் தடுக்கும் ரெம்டெசிவிரும், அதன் புரதங்களை வெட்டித் தயார்ப்படுத்தும் புரோட்டியேஸைத் தடுக்கும் நிர்மாட்ரெல்விரும் தாக்குப்பிடித்தன, ஏனென்றால் ஆன்டிபாடிகளின் நெருக்கடி அந்தப் புரதங்கள் மேல் இல்லை. எச்ஐவிக்கு 1987இல் ஏஇசட்டி என்ற மருந்து தனியாக வந்தபோது வைரஸ் சீக்கிரமே தப்பித்துக்கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது, எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பிக்கும் மாற்றங்கள் ஒரே வைரஸில் கூடி வருவது அவ்வளவு அரிது.

ஆனால் "எதிர்ப்பு பெற்ற வைரஸ் பலவீனமாகிவிடும்" என்ற வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஃப்ளூ மருந்தான ஓசெல்டமிவிருக்கு அடங்காத எச்275ஒய் மாற்றத்தைப் பற்றி முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். வேறு மாற்றங்கள் அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட, 2007-09இல் பருவகால எச்1என்1 ஃப்ளூ வைரஸில் அது உலகம் முழுக்கப் பரவியது, மருந்தே அதிகம் பயன்படாத நாடுகளிலும்கூட.

கடைசியாக, ஆசிரியர்கள் தங்கள் ஆய்வின் வரம்புகளை எழுதும் பத்தி கட்டுரையின் முடிவுக்கு அருகில் இருக்கும், அதைத் தவறாமல் படியுங்கள். ப்ரீப்ரின்ட் என்றால் பிற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை. சில வாரம் கழித்து, திருத்திய பதிப்பு வந்திருக்கிறதா, வேறொரு ஆய்வகத்துக்கும் அதே முடிவு கிடைத்திருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.